எட்டுப் பேருக்கு மேல் கல் தாங்காது

கல் கேட்கிறதாம். கேட்பதோடு நில்லாமல் பதிலும் சொல்கிறதாம்!

மனுஷன் சொன்னால் மனுஷன் கேட்பதில்லை. பெற்றவள் சொன்னால் பிள்ளை கேட்பதில்லை. டாக்டர் சொன்னால் நோயாளி கேட்பதில்லை. ஆனால் ஊருக்கு வெளியே ஒரு மலைக்கு அடியில் கல்லொன்று காது கொடுத்துக் கேட்கிறது என்றதும் ஜனம் அலைமோதிக்கொண்டு கிளம்பிவிட்டது. சனி, ஞாயிறு என்றால் இரண்டு மாதம் முன்பே பெயர் கொடுத்து வைக்க வேண்டும். பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் இடம் கிடைத்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. ‘ஒருநாள் பயணம். பாறையைக் குடைந்த பழங்காலப் பாதாளக் குடியிருப்பு. அனுபவமுள்ள வழிகாட்டி. சிறு குழு, எட்டே எட்டுப் பேர்’ என்று விளம்பரம். அதன் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: ‘எட்டுப் பேருக்கு மேல் கல் தாங்காது.’

மலையையே தலையில் சுமக்கிற கல்லுக்கு ஒன்பதாவது ஆளைத் தாங்க முடியவில்லையாம்! ஏன் என்று ஒருத்தராவது கேட்டார்களா? கேட்டால் இடம் போய்விடுமே. ஆயிரம் பேரோடு போய் ஏமாந்தால் அதற்குப் பெயர் ஏமாற்றம். எட்டுப் பேரில் ஒருவராகப் போய் ஏமாந்தால் அதற்குப் பெயர் பாக்கியம்.

அந்தப் பாக்கியம் மூத்தவளுக்கு இரண்டு முறை வாய்த்திருந்தது.

மூத்தவள் லேசுப்பட்டவள் அல்ல. நகராட்சி அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ்ப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். பெயரில் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டும் என்று போனால் மூன்று ஆதாரம் கேட்பாள். ‘நான் பிறந்தது எனக்குத் தெரியாதாம்மா?’ என்று ஒரு கிழவர் கெஞ்சியபோது, ‘உங்களுக்குத் தெரிஞ்சா போதுமா, எனக்குத் தெரிய வேணாமா?’ என்று திருப்பி அனுப்பியவள். அப்பேர்ப்பட்டவளின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவு. ஊசி போட்டு எடுத்துச் சோதித்த டாக்டர், “இது நல்ல கட்டி இல்லம்மா. இப்பவே எடுத்துட்டா முழுசா சரியாயிடும். தள்ளிப் போட்டா நான் பொறுப்பில்ல” என்று நாள் குறித்துக் கொடுத்தார்.

மூத்தவள் கல்லிடம் போனாள். கல் என்ன சொல்லிற்று? ‘கத்தி படக் கூடாது. ஏழு முறை வா, கரைந்துவிடும்’ என்று சொல்லிற்று. கல்லிடம் மட்டும் அவள் ஒரு ஆதாரமும் கேட்கவில்லை. குறித்த நாளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவும் இல்லை. கல் கொடுத்த பொட்டலத்துத் தூளைக் கழுத்தில் அப்பிக்கொண்டு, திரும்ப வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிவைத்த இடத்தில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பாதாளத்துக்குப் பயணம் போனாள். நெல்லிக்காய் எலுமிச்சங்காய் ஆகிக்கொண்டிருந்தது. அவள் வீட்டுக்காரர் பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, “உன் இஷ்டம்” என்றார். கல்யாணமான நாள் முதல் அவர் சொல்லிவரும் ஒரே கருத்து அதுதான்.

இளையவளுக்குத்தான் வயிறு எரிந்தது. இருப்பது ஒரே அக்கா. அடுத்த திங்கட்கிழமைக்கு டாக்டர் கையில் காலில் விழாத குறையாக இன்னொரு நாள் வாங்கியிருந்தாள்.

“அக்கா, திங்கட்கிழமை வந்து படுத்துடு.”

“இன்னும் அஞ்சு தடவை இருக்குடி. நடுவுல விட்டா பலிக்காது.”

“அதுக்குள்ள நீயே இருக்க மாட்டடி!” ஆத்திரத்தில் அக்காவையே டி போட்டுவிட்டாள்.

மூத்தவள் கோபப்படவில்லை. “நீ ஒரு தடவை வந்து பாரு. நான் யார்கிட்டயும் சொல்லாத விஷயம். என் போன்கூட என் கையில இல்ல. கல்லுகிட்ட மட்டும்தான் சொன்னேன். மேல போனா, கல்லு சார்பா பேசற மௌன ஐயா அப்படியே புட்டுப் புட்டு வைக்கிறாரு. எப்படின்னு நீ சொல்லு பாப்போம்.”

“சரி, வரேன். என் விஷயத்துல கல்லு பொய் சொன்னா?”

“சொல்லாது.”

“சொன்னா?”

மூத்தவள் கழுத்தைத் தடவிக்கொண்டாள். “சொன்னா, திங்கட்கிழமை நானே நடந்து வந்து படுத்துக்கறேன். போதுமா?”

போதும் என்றாள் இளையவள். வரவேண்டிய எட்டுப் பேரில் ஒருத்தர் காய்ச்சலில் விழுந்ததால் அவளுக்கும் இடம் கிடைத்தது. காய்ச்சலும் சில சமயம் நல்லது செய்கிறது.

சனிக்கிழமை காலை வேன் கிளம்பியது. ஏறும்போதே ஆளுக்கொரு வில்லையைக் கழுத்தில் மாட்டினார்கள், ஒன்று முதல் எட்டு வரை. ஒன்றாம் நம்பர், ஓய்வு பெற்ற விஞ்ஞான வாத்தியார். இரண்டாம் நம்பர், பங்காளி மேல் வழக்குப் போட்டிருக்கும் மரக்கடைக்காரர். மூன்று மூத்தவள், நாலு இளையவள். ஐந்தும் ஆறும் கல்யாணமாகி இரண்டு மாதமே ஆன புருஷன் பெண்டாட்டி. மற்ற இருவரும் வேன் புறப்பட்டதுமே தூங்கிவிட்டார்கள், அவர்களை எழுப்ப வேண்டாம்.

டிரைவர் வாய் ஓயாத மனிதர். கண்ணாடியில் ஒவ்வொருவராகப் பார்த்து ஊர், உறவு, உத்தியோகம் எல்லாம் விசாரித்தார்.

“மேடம் நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“காத்துக்குழாய் வேலை” என்றாள் இளையவள்.

“ஊதுற குழாயா?”

“இல்லண்ணே. பெரிய பெரிய கட்டடத்துல ஏசி காத்து போற தகரக் குழாய் இருக்கும்ல, அதுக்குள்ள போய்ச் சுத்தம் பண்றது, அடைப்பு எடுக்கறது.”

“பொம்பளைங்க பாக்கற வேலையா அது?” என்று சிரித்துவிட்டு டிரைவர் மரக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். வழக்குக்காரரிடம் விஷயம் அதிகம் இருந்தது. குழாயில் என்ன இருக்கிறது, தூசிதானே என்று நினைத்திருப்பார். பாவம்!

மலை அடிவாரத்தில் கைடு காத்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் விளக்கு, வாயில் தேன். முதல் காரியமாக எல்லோருடைய போன்களையும் ஒரு துணிப்பையில் வாங்கிக் கட்டினார். போன் சிக்னல் கல்லின் நரம்பைத் தாக்குமாம். கல்லுக்கு நரம்பு எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டிய விஞ்ஞான வாத்தியார், தம் போனைத் தாமே அணைத்து முதல் ஆளாகப் பையில் போட்டார்.

உள்ளே நுழைந்ததும் இளையவள் வாயடைத்துப் போனாள். பொய் சொல்லக் கூடாது, இடம் அப்படி! மூன்று அடுக்கு வீடு, மொத்தமும் ஒரே பாறையைக் குடைந்து எடுத்தது. எந்தக் காலத்திலோ எதிரிக்குப் பயந்து ஒரு ஊரே இதற்குள் மாதக்கணக்கில் ஒளிந்திருந்திருக்கிறது. சமைத்திருக்கிறார்கள், பிள்ளை பெற்றிருக்கிறார்கள். தானியம் கொட்டிய குழி இருக்கிறது. ஆடு மாடு கட்டிய வளையத்தைக்கூடக் கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். சுவரெல்லாம் உளி கொத்திய தழும்பு. கையை வைத்துத் தடவினால் கொத்தியவன் பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது.

சுவரில் கை நுழைகிற அளவுக்கு அங்கங்கே துளைகள் இருந்தன.

“இதெல்லாம் காத்துத் துளைங்க” என்று கைடு விளக்கை ஒரு வீசு வீசிவிட்டு நடந்தார்.

“மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே துளையா போகுதா?” என்று கேட்டாள் இளையவள்.

“அது... அந்தக் காலத்து ஆளுங்க வேலை மேடம். வாங்க, நேரமாச்சு.”

புதுப்பெண் கொட்டாவி விட்டாள். மலையைக் கையால் குடைந்து, மூச்சு விட வழி வைத்து, ஒரு ஊரைக் காப்பாற்றியிருக்கிறான் ஒருத்தன். அது யாருக்கும் அதிசயமாகப் படவில்லை. அதிசயம் அறுபது படிக்குக் கீழே காத்திருக்கிறதாம்.

அறுபது படி இறங்கினார்கள். கீழ் அறையின் கோடியில், ஒரு ஆள் மண்டியிட்டு உட்காரும் அளவுக்கு ஒரு மாடம். அதன் சுவரில் முகத்துக்கு நேராக ஒரு துளை. அதுதான் செவிக்கல்!

கைடு குரலைத் தாழ்த்திக்கொண்டு சட்டதிட்டங்களைச் சொன்னார். “ஒவ்வொருத்தரா போகணும். வாயைத் துளைகிட்ட வெச்சு மெல்லச் சொல்லணும். முதல்ல உங்க நம்பர், அப்புறம் உங்க குறை. கல்லுக்குக் கண்ணு கிடையாது, அதனால நம்பர் ரொம்ப முக்கியம். மத்தவங்க தள்ளி நிப்போம், நானும் நிப்பேன். மேல இருக்கற மௌன ஐயா விடியற்காலையிலேருந்து அன்னம் தண்ணி இல்லாம உக்காந்திருக்காரு. அவர்கிட்ட யாரும் பேசறதில்ல. ஏன், நானே மேல வர மாட்டேன். வந்தா, கைடு போய் காதுல ஓதிட்டான்னு நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேசுவாங்க. எனக்கு எதுக்கு அந்தப் பழி?”

“பாத்தியா? எவ்வளவு நேர்மை!” என்று மூத்தவள் தங்கையின் விலாவில் இடித்தாள்.

வருங்காலம் தெரிந்த கல்லுக்கு என் வில்லை நம்பர் தெரியாதா என்று இளையவள் நினைத்துக்கொண்டாள்.

விஞ்ஞான வாத்தியார் போனார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். மரக்கடைக்காரர் போனார், வக்கீலிடம் சொல்வதைவிட விவரமாகச் சொல்லிவிட்டு வந்தார். மூத்தவள் போனாள். முதுகு குலுங்குவது தூரத்திலிருந்தே தெரிந்தது. ஆபீஸில் நூறு பேரை அழ வைத்தவள் ஒரு ஓட்டையின் முன்னால் உட்கார்ந்து அழுகிறாளே என்று இளையவளுக்குப் பொறுக்கவில்லை.

அடுத்து அவள் முறை. மண்டியிட்டாள். துளையிலிருந்து சில்லென்று காற்று முகத்தில் பட்டது. ‘கல்லின் மூச்சு’ என்று அதைத்தான் கைடு வர்ணித்திருந்தார். இளையவள் சட்டைக் கையில் தொங்கிய நூல் ஒன்றைப் பிய்த்துத் துளை வாயில் பிடித்தாள். நூல் அவள் பக்கமாகவே ஆடியது. காற்று மேலிருந்து கீழே இறங்குகிறது. வெளியே வெயில், உள்ளே குளிர்ச்சி, கனத்த காற்று அடியில் வந்து வழிகிறது. தினம் தினம் பார்க்கிற விஷயம்தான். அவள் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் ஆறாம் மாடியில் மேனேஜர் யாரைத் திட்டினாலும் நாலாம் மாடிக் கழிப்பறையில் ஸ்பஷ்டமாகக் கேட்கும். அந்தக் கழிப்பறையில் எப்போதும் கூட்டம்.

இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் மூச்சை இழுத்தாள். முட்டை, வெங்காயம், மிளகு.

கல் ஆம்லெட் சாப்பிட்டிருந்தது!

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு குரலில் எவ்வளவு சோகம் கொண்டுவர முடியுமோ அவ்வளவும் கொண்டுவந்து துளைக்குள் சொன்னாள்: “நாலு. எங்க அண்ணன் வீட்டை விட்டுப் போய் மூணு வருஷமாச்சு. உயிரோட இருக்கானா இல்லையான்னு தெரியல. அம்மா சாகறதுக்குள்ள ஒரு தடவை பாக்கணும்னு அழறாங்க.”

எட்டுப் பேரும் முடித்ததும் அரைமணி நேரம் கண்ணை மூடி மௌனமாக உட்கார வைத்தார்கள். கல் யோசிக்க வேண்டுமாம். அரைமணி கழித்துக் கைடு படியைக் காட்டிவிட்டு, தம் நேர்மையோடு கீழேயே நின்றுகொண்டார். எட்டுப் பேரும் மூச்சு வாங்க மேல் அடுக்குக்கு ஏறினார்கள்.

மேல் அறையில் ஒற்றை விளக்கு. சுவரை ஒட்டி ஒரு கல் மேடை, அதன்மேல் தடித்த மெத்தை, மெத்தைமேல் மௌன ஐயா. தாடி மார்பு வரை. பட்டினி கிடந்தவருக்குத் தொப்பை கொஞ்சம் அதிகம்தான். முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய திண்டு.

ஐயா கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“ஒன்று. பெற்ற பிள்ளை பேசவில்லை என்று வருந்துகிறாய். பேசுவான்.”

வாத்தியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இரண்டு. பொதுச் சுவரில் பங்காளி ஜன்னல் வைத்தான். தீர்ப்பு உன் பக்கம். ஆனால் இன்னும் மூன்று முறை வர வேண்டும்.”

மரக்கடைக்காரர், “ஜன்னல் வரைக்கும் சொல்றாரே!” என்று வாயில் கையை வைத்தார். ஜன்னலின் நீள அகலத்தைக்கூட அவர்தான் துளைக்குள் சொல்லிவிட்டு வந்திருந்தார்!

“மூன்று. கட்டி கரைகிறது. கத்தியை நினைக்காதே. நினைத்தாலே கட்டி வளரும்.”

மூத்தவள் கை கூப்பினாள். கண்ணில் நீர் வழிந்தது. தங்கையைத் திரும்பிப் பார்த்து, ‘இப்ப என்ன சொல்ற?’ என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள்.

“நான்கு.” ஐயா குரலைக் கனிய வைத்துக்கொண்டார். “அழாதே மகளே. உன் அண்ணன் உயிரோடு இருக்கிறான். மேற்கே, தண்ணீர் உள்ள ஒரு ஊரில். உன் தாயின் கண்ணீர் அவனைத் திருப்பிக் கொண்டுவரும். ஐந்து முறை வா.”

புதுப்பெண் உருகிப்போய், “ஐயோ பாவம், அண்ணன் கிடைச்சிடுவாரு” என்று இளையவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூத்தவளின் கூப்பிய கை மெல்லக் கீழே இறங்கியது.

“யாருக்கு அண்ணன்?”

ஐயா தாடியைத் தடவிக்கொண்டார்.

“உங்களத்தான் கேக்கறேன். யாருக்கு அண்ணன்? இவ என் கூடப்பிறந்த தங்கச்சி. எங்கம்மாவுக்கு நாங்க ரெண்டே பொண்ணு. எங்களுக்கு ஏதுங்க அண்ணன்?”

ஐயா ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இன்னொன்றையும் திறந்தார். பழுத்த அனுபவசாலி, உடனே சமாளித்துக்கொண்டார். “தாய் வேறாக இருக்கலாம். தந்தை செய்ததெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. கல்லுக்குத் தெரியும்.”

அவ்வளவுதான்! அந்த வார்த்தை வாயிலிருந்து வந்திருக்கக் கூடாது.

“எங்கப்பாவையா சொல்ற?” மூத்தவளின் மரியாதை ஒரே தாவில் மலையை விட்டு இறங்கி ஓடியது. “எங்கம்மாகிட்ட கேக்காம தும்மக்கூட மாட்டாருய்யா எங்கப்பா! சாயங்காலம் ஆறு மணி அடிச்சா வாசல்ல செருப்பு சத்தம் கேக்கும். எவனுக்கு எத்தனை பிள்ளைன்னு இந்த ஊரு பிறப்புப் பதிவேடு பூரா என் மேஜை மேல இருக்கு. என்கிட்டயே புதுசா ஒரு பிள்ளையைப் பதியப் பாக்கறியா? ஆதாரம் எங்க? எடு!”

இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அப்போதுதான் அவளுக்குத் திரும்பி வந்தது.

மரக்கடைக்காரர் சமாதானத்துக்கு வந்தார். “கோபப்படாதீங்கம்மா. ஆம்பளைங்க விஷயம் ஆயிரம் இருக்கும். ஐயா சொன்னா காரணம் இல்லாம இருக்காது.”

“உங்க பிள்ளைங்ககிட்ட போய்ச் சொல்லுங்க அதை!” என்றாள் மூத்தவள்.

“அக்கா, அவரை விடு” என்று இளையவள் முன்னால் வந்தாள். “கல்லு பொய் சொல்லல. நான்தான் சொன்னேன். அண்ணன் காணோம்னு கீழ துளையில நான் சொன்ன பொய், அப்படியே மேல வந்து இவர் வாயால எனக்கே திரும்பி வருது. வருங்காலம் தெரிஞ்சவருக்கு, என் வீட்ல எத்தனை பேருன்னு தெரியல. ஐயா, ஒரு நிமிஷம் எழுந்திருங்க. அந்தத் திண்டை எடுத்துட்டா தெரிஞ்சிடும்.”

“பன்னிரண்டு வருஷமாக இந்த ஆசனம் விட்டு நான் எழுந்ததில்லை!”

“ஆம்லெட்டை யாரு போட்டாங்க அப்போ?”

கூட்டம் அவள்மேல்தான் பாய்ந்தது. ஏமாற்றுகிறவனை விட்டுவிட்டு, ஏமாறாதே என்கிறவளை அடிப்பதுதானே வழக்கம்! “சோதிக்க வந்தவளுக்குச் சொல்லுமா கல்லு?” என்றார் மரக்கடைக்காரர். “நம்பிக்கை இல்லன்னா எதுக்கு வரணும்?” என்றான் புது மாப்பிள்ளை. “இப்ப கல்லு கோச்சுக்கிட்டா எங்க கதி?” என்று புதுப்பெண் அழ ஆரம்பித்தாள். மூத்தவள் நடுவில் நின்றாள். ஒரு கை கழுத்துக் கட்டியின்மேல் இருந்தது. ஐயா வெற்றிப் புன்னகையோடு கையை உயர்த்தி, “அமைதி! அமைதி! கல் பேசப் போகிறது” என்றார்.

எல்லோரும் கப்சிப்.

கல் பேசியது.

ஆம், நிஜமாகவே பேசியது! ஐயாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து, திண்டுக்குள்ளிருந்து, கிசுகிசுவென்று, ஆனால் ஒரு எழுத்துப் பிசகாமல்:

“அண்ணே... அண்ணே, கேக்குதா? அந்த நாலாம் நம்பரு காத்துக்குழாய் வேலை பாக்கறவளாம்ணே. டிரைவர் நாய் இப்பத்தான் வந்து சொல்றான். அவகிட்ட வாயைக் குடுக்காதீங்க. நாலுக்குக் கல்லு மௌனம்னு சொல்லிச் சீக்கிரம் கீழ அனுப்பிடுங்க. அண்ணே, மூணாம் நம்பரை மட்டும் விட்றாதீங்க, அது நல்லா அழுவுது... அண்ணே?”

கைடு மேலே வரமாட்டார் அல்லவா? தம் நேர்மையைக் காப்பாற்றிக்கொள்ள, பாவம், துளை வழியாகத்தானே எச்சரிக்க முடியும்!

பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கல் பேசிய முதல் உண்மை அது.

ஆசனம் விட்டு எழாத ஐயா எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! திண்டை அணைத்துப் பிடிக்கப் போனவர் மெத்தையில் கால் தடுக்கி விழுந்தார். திண்டு உருண்டது. சுவரில், காதுக்கு நேராக, கீழே இருந்ததற்கு அண்ணன் தம்பி போல ஒரு துளை. மெத்தைக்கடியிலிருந்து ஒரு எச்சில் தட்டும், ஒரு பென்சிலும், ஒரு நோட்டுப்புத்தகமும் வெளியே வந்தன.

இளையவள் துளையில் வாயை வைத்து, “கேக்குதுண்ணே, நல்லா கேக்குது. எல்லாருக்கும் கேக்குது” என்றாள். கீழே துணிப்பை தரையில் விழும் சத்தம் கூடத் தெளிவாக மேலே வந்தது.

வாத்தியார் துளையருகே குனிந்து பார்த்தார். உள்ளே கையை விட்டுப் பார்த்தார். “ஒலி குழாய்க்குள்ள சிதறாம போகும்...” என்று முணுமுணுத்தார். “முப்பது வருஷம் இந்தப் பாடம் நடத்தினவன்மா நான்.”

“நடத்தினீங்க சார். ஆனா நீங்க படிக்கல” என்றாள் இளையவள்.

மூத்தவள் யாரையும் பார்க்கவில்லை. பதிவேடு பார்த்துப் பழகிய கை, நோட்டுப்புத்தகத்தை எடுத்து அன்றைய தேதியைப் புரட்டியது. எட்டு வரி. எட்டு வரிக்கு மேல் அரைமணி நேரத்தில் எவனால் மனப்பாடம் செய்ய முடியும்? கல் தாங்காமல் போனது அதைத்தான்.

ஒன்று, மகன் பேசவில்லை. இரண்டு, ஜன்னல் வழக்கு. நான்கு, அண்ணன் காணோம், மேற்கு. நடுவில் மூன்றாம் வரியில் அவள் விரல் நின்றது. அதைச் சத்தமாகப் படித்தாள்.

“மூணு. கட்டி. இன்னும் நாலு தடவை வரும்.”

இன்னொரு முறை படித்தாள். குரல் உடைந்தது.

“கரையும்னு எழுதலடி. வரும்னுதான் எழுதியிருக்கான். என்னைக் ‘கட்டி’ன்னு எழுதியிருக்கான்.”

இளையவள் அக்காவை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்த மலைக்குள் அன்றைக்கு இரண்டு பேரும் அழுதது மட்டும்தான் யார் காதுக்கும் விற்கப்படாத அழுகை. அழுது முடித்ததும் மூத்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நோட்டுப்புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்தாள். “இது ஆதாரம்” என்றாள். அன்று சாயங்காலமே அது போலீஸ் ஸ்டேஷன் மேஜைமேல் இருந்தது, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நகல் எடுக்கப்பட்டு, வரிசை எண் போடப்பட்டு!

வேன் திரும்பியது. பாதி வழியில் மரக்கடைக்காரர் தயங்கித் தயங்கி, “எல்லாம் சரி, அப்ப என் கேஸு ஜெயிக்குமா, ஜெயிக்காதா?” என்று கேட்டார். கல்தூள் பொட்டலத்தை அவர் ஜன்னல் வழியாக எறியப் போவதுபோல எடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, “வடக்கு ரோட்டுல இன்னொரு குகை இருக்கு சார். அங்க நிழல் பேசும். நாலே நாலு பேர்தான்” என்றார். புது மாப்பிள்ளை போன் நம்பர் குறித்துக்கொண்டான்!

திங்கட்கிழமை காலை மூத்தவள் சொன்னபடி நடந்தே வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தாள். டாக்டர் வந்ததும் எழுந்து உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எத்தனை மணி நேரம் ஆகும்? குரல் போகுமா? இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? எத்தனை பேர் பிழைத்தார்கள்? சோதனை அறிக்கையில் இந்த வரிக்கு என்ன அர்த்தம்? பதினாலு கேள்வி. பதில் சொல்லிச் சொல்லி டாக்டருக்கு வேர்த்துவிட்டது. இளையவள் கதவோரம் நின்று சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தப் பதினாலில் ஒன்றே ஒன்றை அந்தத் துளையிடம் கேட்டிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்குமே!

கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். பத்து நாள் கழுத்தை அசைக்கக் கூடாது என்று பட்டை போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க வேண்டுமென்றால் மூத்தவள் உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது.

“கழுத்து திரும்பாம இருக்கறது எவ்வளவு கஷ்டம்டி!” என்று தங்கையிடம் சலித்துக்கொண்டாள்.

கட்டியும் இல்லாமல், பட்டையும் இல்லாமல், நல்ல கழுத்தோடு வரிசையில் நிற்கும் மகாஜனங்களே! துளையில் வாயை வைக்கும் முன்னால் மறுமுனையில் யார் காதை வைத்திருக்கிறான் என்று ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். கழுத்து தலையாட்டுவதற்கு மட்டும் முளைத்ததல்ல.